வண்டி சாலையில், ஆள் வீட்டில்: குமரியில் ஒரு 62 மீட்டர் பாதை

கருங்கல்லுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் ஒரு கிளைச்சாலை. சாலையோரம் ஒரு சாயாக்கடை. அந்தக் கடைத் திண்ணையில் உரச்சாக்கு போட்டு மூடிய பேட்டரி வண்டி, அதாவது பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்று பதினோரு மாதம் நின்றது. ராத்திரி கடைக்காரரே சார்ஜில் போடுவார். கரண்டுக்குக் காசு கேட்டதில்லை. "சாரல் அடிச்சா நனையுது, ஒரு தார்ப்பாய் வாங்கிப் போடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார், அவ்வளவுதான். வண்டிக்குச் சொந்தக்காரர் அங்கிருந்து 62 மீட்டர் தள்ளி, மேட்டில் உள்ள தன் வீட்டில் கட்டிலில் கிடந்தார்.

அரசு கொடுத்த வண்டிதான். விண்ணப்பம், முகாம், கையெழுத்து எல்லாம் முறைப்படி நடந்து வந்தது. கணக்குப்படி அவர் 'பயனாளி'. எந்தக் கூட்டத்தில் அறிக்கை வாசித்தாலும் அந்த வண்டி ஓர் எண்ணாக ஏறியிருக்கும். அந்த எண்ணில் பொய்யும் இல்லை. வண்டிக்கும் ஆளுக்கும் நடுவில் இருந்த இடவழி, அந்தக் குறுகிய ஒற்றையடிப் பாதை, எந்தக் கணக்கிலும் வரவில்லை, அதுதான் விஷயம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்த ஒரு வழக்கோடு ஏறத்தாழ ஒன்றரை வருடம் அலைந்தேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர், அலுவலகங்களின் பெயர் எதையும் இதில் எழுதப் போவதில்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இது தேவையில்லை. நான் பார்த்த அலுவலர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்.

ஆள்

அவர் பனையேறி. 44 வயது. நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். 2023 மாசியில், அக்கானி எனும் பதநீர் இறக்கும் பருவம் தொடங்கிய கையோடு, பனையில் இருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்து தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு. சிறுநீருக்கு டியூப். திரும்பிப் படுக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். மைனி, அதாவது அவர் மனைவி, அண்டியாபீஸில் (முந்திரி ஆலை) வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம் போக முடியாமல் இருந்து, பிறகு அரை நாள் போகத் தொடங்கினார். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் பிளஸ் ஒன்.

இங்கே ஊர் அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. திருநெல்வேலி, மதுரைப் பக்கம் போல வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரு தெருவாக நிற்கும் ஊர் அல்ல எங்கள் மேற்குப் பகுதி. ஒவ்வொரு வீடும் தன் தன் விளையில், தென்னைக்கும் ரப்பருக்கும் பிலா என்று நாங்கள் சொல்லும் பலாவுக்கும் நடுவில், மேட்டிலோ பள்ளத்திலோ தனியாக இருக்கும். சாலையில் இருந்து வீட்டுக்கு எல்லைச் சுவர்களான இரண்டு கையாலைகளுக்கு நடுவில் ஓர் இடவழி. தலையில் ஓலைக்கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் போனால், எதிரில் வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அகலம் அவ்வளவுதான். அண்ணன் வீட்டு இடவழி மிகக் குறுகிய இடத்தில் 70 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி தடையில்லாமல் போக 90 வேண்டும்.

ஆகவே மாதம் ஒருமுறை டியூப் மாற்றப் போகும்போது அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்குவார்கள். முன்னால் பிடிப்பவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். ஒருமுறை மழையில் வழுக்கி முன்னால் பிடித்தவர் உட்கார்ந்தே விட்டார். அண்ணன் விழவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் என்னிடம் சொன்னது: "தம்பி, பனையில இருந்து விழுந்தப்பகூட இவ்வளவு பயப்படல்ல."

எது நடந்தது

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையவே நடந்தது. மருத்துவச் சான்று, தனித்துவ அடையாள அட்டை, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான 2,000 ரூபாய் மாதப் பராமரிப்புத் தொகை, கடைசியில் 2024 ஜூனில் பேட்டரி வண்டி. வருவாய்த் துறையின் 1,500 ரூபாய் ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்கலாமா என்று மைனி கேட்டார். முடியாது, இரண்டில் ஒன்றுதான். ஒன்றரை வருடத்துக்குள் இத்தனையும் கிடைத்ததைக் குறையாகச் சொல்ல என்னால் முடியாது. மற்ற மாநிலங்களில் வேலை செய்யும் நண்பர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

இதைக் கவனித்தால் ஒன்று தெரியும். இவை எல்லாமே ஆளின் கையில் கொடுக்கும் பொருள், அல்லது கணக்கில் போடும் பணம். உதவி. நமது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 9-ஆவது இனமாக மாற்றுத்திறனாளிகள் வருவதே 'நிவாரணம்' என்ற சொல்லோடுதான். புயல் நிவாரணம், வெள்ள நிவாரணம் மாதிரி. அந்தச் சொல்லின் வாசனை இன்னும் நம் அலுவலகங்களை விட்டுப் போகவில்லை.

காகிதத்தில் நாடு எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. 2006-இல் தேசியக் கொள்கை. அதே வருடம் டிசம்பரில் ஐ.நா. உடன்படிக்கை, 2007 அக்டோபர் 1-இல் இந்தியாவின் ஒப்புதல். அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமல். 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. 'உரிய அரசு', 'உள்ளாட்சி அமைப்பு', 'நிறுவனம்' என்றுதான் அந்தச் சட்டம் கடமைகளைச் சுமத்துகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை என்று ஒரு துறையின் தலையில் கட்டவில்லை. பொதுப்பணித் துறைக்கும் போக்குவரத்துக்கும் பள்ளிக் கல்விக்கும் ஊராட்சிக்கும் அதே சட்டம்தான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிது. ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு அலையும்போதுதான் இதன் அர்த்தம் புரிந்தது.

முதல் மனு

2024 ஜூலையில் மனு எழுதினேன். பொருள்: "மாற்றுத்திறனாளிக்குப் பாதை வசதி வேண்டி." அடையாள அட்டை நகல், மருத்துவச் சான்று, வண்டி பெற்ற ரசீது, இடவழியின் நான்கு படங்கள். உருக்கமாகவே எழுதியிருந்தேன், பழக்கதோஷம். திங்கள்கிழமை குறைதீர் நாள் வரிசையில் நின்று கொடுத்தோம். பதிவு எண் கிடைத்தது, போனில் செய்தியும் வந்தது.

மூன்று வாரம் கழித்து மனு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில். அங்கே போனேன். அந்த அலுவலர் மனுவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், எங்ககிட்ட பொறியாளர் கிடையாது, ரோடு போடற நிதி கிடையாது. நாங்க வண்டிதான் குடுக்க முடியும். குடுத்துட்டோம்." நூற்றுக்கு நூறு உண்மை. அவர் என்ன செய்வார்? "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பிரித்தவர் பொருளைப் பார்த்தார். மாற்றுத்திறனாளி என்று இருக்கிறதே, அது அவர்கள் துறை அல்லவா என்று திருப்பி அனுப்பினார். ஆடு புலி ஆட்டம் மாதிரி இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மனு போய்ப் போய் வந்தது. கடைசியில், மனுதாரருக்குச் சக்கர நாற்காலி ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது என்ற காரணத்தோடு முடித்து வைக்கப்பட்டது.

கோபம் வந்தது, மறுக்கவில்லை. பிறகு யோசித்தபோது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மனுவைப் பிரிக்கும் மேசையில் இருப்பவர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கிறார். அவருக்கு 'பொருள்' வரிதான் கண்ணில் படும். விதவை என்றால் ஒரு பக்கம், பட்டா என்றால் ஒரு பக்கம், மாற்றுத்திறனாளி என்றால் ஒரு பக்கம். சட்டம் சொல்லும் 'அனைத்துத் துறை' அந்த மேசையில் வந்ததும் ஒற்றைத் துறையாகச் சுருங்கிவிடுகிறது. கொள்கையின் தலைவிதி அமைச்சரவையில் முடிவாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அனுப்பும் மேசைக்கும் அதில் பாதி பங்கு உண்டு.

சும்மா கற்பனையாகச் சொல்லவில்லை. துறை தானாகவே வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட இடங்களில் காரியம் எப்படி நடக்கிறது என்பதையும் இதே வீட்டில் பார்த்தேன். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலேயே தபால் வாக்கு. குறித்த நாளில் தேர்தல் அலுவலர்களும் ஒரு போலீஸ்காரரும் வீடியோ எடுப்பவரும் அதே இடவழியில் வரிசையாக ஏறி வந்தார்கள். மறைப்பு அட்டை வைத்து, வாக்குப் போடவைத்து, உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் இதை நலத்துறைக்கு அனுப்பவில்லை. தேர்தல் ஆணையம் அதைத் தன் வேலையாக நினைத்தது, அவ்வளவுதான். ரேஷனும் அப்படி. 2025 ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட்டுறவுத் துறையே அரிசியை வீட்டு வாசலில் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுக்கிறது.

தன் வேலையாக எடுத்தும் பாதியில் நிற்கும் கதைகளும் உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வருபவருக்கும் கட்டணமில்லை. நல்லது. ஏறும் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு இலவச டிக்கெட்டால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை, ஆட்டோவுக்குத்தான் போகிறது. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் பாதி வேலை செய்தாலே முழுக் கூலி என்று தமிழ்நாட்டில் 2012-இல் அரசாணை வந்தது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு வருகைப் பதிவைச் செயலியில் கட்டாயமாக்கியது, காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். பாதி வேலையை முடித்தவர் இரண்டாவது படத்துக்காக மரநிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஆணை போட்டவர்களும் செயலி எழுதியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

இரண்டாவது மனு

அக்டோபரில் வேறு மாதிரி எழுதினோம். யோசனை என்னுடையது அல்ல, சாயாக்கடைக்காரருடையது. "நீங்க எதுக்கு சார் சுகமில்லாதவருன்னு எழுதுறிய? பொதுவழி மோசமா கெடக்குன்னு எழுதிப் போடுங்க." சரி என்று 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். பொருள்: "பொதுப்பாதை சீரமைத்து கான்கிரீட் தளம் அமைத்தல்." அந்த வழியைப் பயன்படுத்தும் ஐந்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து. சான்று எதுவும் இணைக்கவில்லை.

மனு நேராக ஒன்றியப் பொறியாளர் பிரிவுக்குப் போனது. ஓவர்சியர் பத்து நாளில் வந்து பார்த்தார். டிசம்பரில் எஸ்டிமேட் தயார்.

எஸ்டிமேட்டில் எட்டுப் படிகள் இருந்தன.

அவரைக் குறை சொல்ல முடியாது. சாலையில் இருந்து வீடு மொத்தம் 3.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் 53 மீட்டரில் 1.7 மீட்டர் மெதுவாக ஏறும். கடைசி 9 மீட்டரில் 1.4 மீட்டர் ஒரே ஏற்றம். கான்கிரீட் போட்டால் அந்த இடத்தில் வழுக்கும். எந்தப் பொறியாளரும் அங்கே படிதான் கட்டுவார். ஐந்து வீட்டுக்குப் பொதுப்பாதை என்றுதானே நாங்கள் கேட்டோம்? சொல்லைச் சேர்த்து எழுதினால் மனு தப்பான மேசைக்குப் போகிறது. சொல்லை எடுத்துவிட்டால் சரியான மேசையில் தப்பான பாதை வருகிறது. ஒன்றரை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் இந்த இரண்டு மனுக்களுக்குள் அடங்கிவிடும்.

டேப் பிடித்த நாள்

ஓவர்சியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்." முதலில் சொன்னதன் கதையைச் சொன்னேன். இன்னும் சிரித்தார். ஒரு சனிக்கிழமை டேப்பும் தண்ணீர்க்குழாயும் எடுத்துக்கொண்டு வந்தார். மட்டம் பார்க்க நம் கொத்தனார்கள் பிடிக்கும் ஒளி ஊடுருவும் குழாய்தான், அதைவிட நம்பகமான கருவி இல்லை.

சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும். 9 மீட்டர் நீளம் ஏறியதும் ஒரு சமதளம், வண்டி நின்று மூச்சுவிட. இந்தக் கணக்கைத் தெரியாமல் கட்டிய சாய்தளங்களை ஊர் முழுக்கப் பார்க்கலாம். ஓர் அலுவலகத்தில் மூன்று படி, மொத்தம் 54 செ.மீ. உயரம். அதற்குச் சுமார் ஆறரை மீட்டர் நீளத்தில் சாய்தளம் வேண்டும். அங்கே இருந்தது 1.8 மீட்டர். ஒன்றுக்கு மூன்றேகால்கூட தேறாத கணக்கு அல்ல, ஏறத்தாழ ஒன்றுக்கு மூன்று. பைக் ஏற்றி உள்ளே நிறுத்த வசதியாக இருக்கிறது, அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகையும் உண்டு.

எங்கள் பாதைக்கு வருவோம். மொத்தமாகப் பார்த்தால் 62 மீட்டரில் 3.1 மீட்டர், ஒன்றுக்கு இருபது. சரியாகப் பகிர்ந்தால் வண்டி தாராளமாக ஏறும். சிக்கல் ஏற்றம் முழுவதும் கடைசியில் குவிந்திருப்பதுதான். ஓவர்சியர் எஸ்டிமேட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். கடைசி 9 மீட்டரை ஒன்றுக்குப் பன்னிரண்டாக வைத்தால் 75 செ.மீ. ஏறலாம். மீதி 2.35 மீட்டரை முதல் 53 மீட்டருக்குள் ஏற வேண்டும். அதாவது இரண்டும் சேரும் இடத்தில் இப்போது இருக்கும் மண்ணைவிட 65 செ.மீ. உயர்த்த வேண்டும். இரண்டடிக்குச் சற்று மேல். சரல்மண் போட்டு நிரவி, ஒரு பக்கம் கருங்கல் சுவர். படிக்குப் போட்ட செலவில் கொஞ்சம் கூடும், கொஞ்சம்தான்.

அடுத்தது அகலம். 70-ஐ 120 ஆக்க வேண்டும் என்றால் ஒரு பக்கக் கையாலையை அரை மீட்டர் தள்ள வேண்டும். ஒரு பக்கம் ஓர் ஆச்சியின் விளை, மறுபக்கம் வெளியூரில் இருப்பவரின் ரப்பர்த் தோட்டம். தோட்டக்காரர் போனில் நாகரிகமாக மறுத்தார். வழி விட்டால் நாளைக்குப் பட்டாவில் சிக்கல் வரும் என்ற பயம். குமரியில் ஒரு சாண் கையாலைக்காகக் கோர்ட்டில் இருபது வருடம் ஏறி இறங்கிய குடும்பங்கள் உண்டு, அவருடைய பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆச்சியிடம் போனோம். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். டேப்பை வாங்கி, தானே அரை மீட்டர் எவ்வளவு என்று பிடித்துப் பார்த்தார்.

"வழிதானே மக்கா, எடுத்துக்க. எனக்க வருக்கைப் பிலாவ மட்டும் தொடப்பிடாது."

பிலா சரியாகக் கையாலை ஓரத்தில் நின்றது. பாதை அங்கே கொஞ்சம் வளைந்து போகிறது. வளைவில் வண்டி திரும்ப அகலம் கூடுதலாக வேண்டும் என்பதால் அந்த இடத்தில் ஆச்சி இன்னும் ஒரு முழம் விட்டார்.

சட்டம் எங்கே கைகொடுத்தது

திருத்திய எஸ்டிமேட்டை மேலே அனுப்பும்போது ஒரு கேள்வி வந்தது. ஒரு வீட்டுக்காக இவ்வளவு மண் எதற்கு? அங்கேதான் 2016 உரிமைச் சட்டத்தை எடுத்தோம்.

இந்தத் துறையில் இருக்கும் பலரும் எடுத்தவுடன் 23-ஆம் பிரிவைக் காட்டுவார்கள், ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் வேண்டும், இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்று. நானும் முதலில் அதைத்தான் கையில் வைத்திருந்தேன். அது வேலையில் பாகுபாடு பற்றிய 20-ஆம் பிரிவுப் புகார்களுக்கானது. ஊழியர் அல்லாத ஒருவரின் பாதைக்கு அது உதவாது. ஒரு வக்கீல் நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

உதவியது வேறு. 44-ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது. 45-ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவித்த நாளில் இருந்து ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன் 15. கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இடவழி கட்டடம் அல்ல என்று யாராவது வாதம் செய்யலாம். ஆனால் புதிதாகப் பொதுப்பணத்தில் ஒன்றைக் கட்டும்போதே தெரிந்து தெரிந்து தடையோடு கட்டலாமா என்ற கேள்விக்கு எந்த அலுவலரும் ஆம் என்று கோப்பில் எழுத மாட்டார்.

நேரமும் சாதகமாக இருந்தது. 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல விட்டுவைத்த 15(1) விதி சட்டத்துக்கே முரணானது என்று சொன்னது. கட்டாயமானவை எவை என்று தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் விதி செய்யுமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. தீர்ப்பின் முதல் பக்கத்தையும் அந்தப் பத்தியையும் நகல் எடுத்து எஸ்டிமேட்டோடு வைத்தோம். அதை யாராவது படித்தார்களா என்று சந்தேகம்தான். ஆனால் கோப்பில் அது இருந்தது, தாண்டிப் போவது கஷ்டம்.

இது முடியவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகத் தயாராக இருந்தோம். அவருக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவருடைய பரிந்துரை மேல் என்ன செய்தோம் என்று சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்தில் சொல்ல வேண்டும். போக வேண்டி வரவில்லை.

இடையில் இன்னொரு முட்டுக்கட்டை. 2025 ஜனவரி 5-இல் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, தனி அலுவலர்தான். பல ஊராட்சிகளைப் பார்க்கும் ஒருவரிடம் ஓர் இடவழியைப் பற்றிப் பேசுவதற்கே ஆறு வாரம் ஆனது. அதே வருடம் சட்டமன்றத்தில் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்கச் சட்டத் திருத்தம் வந்தது. நல்ல காரியம். எங்கள் வேலை நடந்த மாதங்களில் அப்படி ஒருவர் உட்காருவதற்கு ஊராட்சியில் மன்றமே இல்லை. அண்ணனிடம் செய்தியைச் சொன்னபோது, "நம்ம ஊருக்கு நானே நிக்கலாமா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வேலை

ஏப்ரல் கடைசியில் தொடங்கி, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஓட்டம். சரல்மண் வந்தது, கருங்கல் வந்தது. கான்கிரீட் போட்ட அன்று கொத்தனார் மேற்பரப்பைப் பளபளவென்று தேய்த்து முடிக்கப் பார்த்தார். அவருடைய தொழில் பெருமை அது. இங்கே வருடத்தில் இரண்டு மழைக்காலம், பாசி பிடித்தால் நடப்பவருக்கே கால் நிற்காது, சக்கரத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஈரம் காயும் முன்னே குறுக்காகக் கோடு போடச் சொன்னோம். மைனி உள்ளே போய் ஈர்க்கு வாரியலை, ஈர்க்குத் துடைப்பத்தை, கொண்டுவந்தார். கொத்தனார் முகம் சுளித்துக்கொண்டே 62 மீட்டரும் வாரியலால் இழுத்தார்.

ஓரத்தில் சக்கரம் இறங்காமல் இருக்க 10 செ.மீ. திட்டு எஸ்டிமேட்டிலேயே இருந்தது. கைப்பிடிக்கு அதில் இடமில்லை. ஊர்ப் பையன்கள் நாலு பேர் பழைய ஜி.ஐ. குழாய் சேகரித்து, ஒரு வெல்டிங் பட்டறையில் கூலி மட்டும் கொடுத்துக் கடைசி 9 மீட்டருக்கு வைத்தார்கள். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் சாயாக்கடைத் திண்ணையில் இருந்து வண்டி கிளம்பியது. சும்மா நின்றே பேட்டரி பாதி செத்திருந்தது. மூத்தவன் ஓட்டிக்கொண்டு மேலே வந்தான், பிலா வளைவில் மட்டும் ஒருமுறை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. அண்ணனை வண்டியில் உட்காரவைத்தோம். சாலை வரை அவரே ஓட்டிப் போனார். இரண்டு வருடத்துக்குப் பிறகு யாரும் தூக்காமல். சாலை விளிம்பில் நின்றார்.

அதற்கு மேல் போகவில்லை. போக முடியவில்லை. இடவழி முடியும் இடத்துக்கும் தாருக்கும் நடுவில் சாலையோர ஓடை, 35 செ.மீ. அகலம். முன்பு மேலே ஒரு கல் கிடந்தது, அதை மண் வேலைக்காரர்கள் நகர்த்தியிருந்தார்கள். ஓடை ஊராட்சியுடையது அல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையது. ஓவர்சியர் எவ்வளவு நல்லவராக இருந்தும், அவருடைய எஸ்டிமேட் ஓடையின் இந்தக் கரையோடு முடிந்துவிட்டது. நானும் டேப் பிடித்தவன்தான், நானும் பார்க்கவில்லை. வீட்டில் இருந்து எண்ணி வந்தேன், 62-ஆவது மீட்டரில் நிறுத்திவிட்டேன்.

இப்போது ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். முதல் பலகை இரண்டாம் நாளே காணாமல் போனது, நல்ல அயனி மரம். இரண்டாவதை மூத்தவன் காலையில் போட்டு, சாயங்காலம் எடுத்துக் கடையில் வைக்கிறான். அவன் பள்ளிக்கூடம் விட்டு வரத் தாமதமானால் அண்ணன் சாயாக்கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

மூன்றாவது மனுவை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று கேட்டேன். சாயாவை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார். "பொருள்ல வேண்டாம் தம்பி. ஓடைக்கு மூடி வேணும்னு மட்டும் போடு. உள்ள அளவு எழுதற எடத்துல என்னப் பத்தி எழுது. அகலம் நாலடி, படி கூடாது, சாலை மட்டத்துக்கே இருக்கணும்னு எழுது. யாருக்குன்னு கேட்டா வந்து பாக்கட்டும்."